யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தது?

கடலில் மிதந்து வந்த மரக்கட்டையிலிருந்து ஒரு வெளியூர்ப் பிராணி இறங்கி மரமேறியது. அதைப் பார்த்ததும் பறக்கும் அணிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்கும் காலுக்கும் நடுவே, தன்னுடையதைப் போலவே, விரித்தால் பறக்கலாம் என்கிற மாதிரி தோல்!

"என்னைப் பார்த்துத்தானே காப்பியடிச்சே?"

"உங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறேன், அக்கா. எங்க பரம்பரையே இப்படித்தான். உங்களுக்கு வயித்துல பை உண்டா?" என்று கேட்டது அது. பைக்குள்ளிருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது.

அணில் பதில் சொல்வதற்குள் மேலிருந்து ஆந்தை பாய்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் தாவின, ஒரே மாதிரி தோலை விரித்தன, அடுத்த மரத்துப் பொந்துக்குள் ஒன்றாகப் போய் விழுந்தன.

மூச்சு வாங்க, குட்டியின் தலையைத் தடவியபடி, வெளியே வட்டமிடும் ஆந்தையைக் காட்டி அணில் கேட்டது:

"உங்க ஊர்லயும் இவர்தான் வாத்தியாரா?"