வடிகட்டியதில் மிஞ்சியது

கடற்பசுக்களின் குரலைப் பதிவுசெய்யக் கடலடியில் மூன்று இடங்களில் ஒலிவாங்கிகளை இறக்கியிருந்தாள் ஆய்வாளர் நிறைமதி. மற்ற இரைச்சலையெல்லாம் கணினி வடிகட்டிவிடும். அப்படிக் கழிந்ததையும் அவள் தனிக் கோப்பாகச் சேமித்தாள். கடலில் கேட்ட எதையும் வீசக்கூடாது என்பது அவள் கட்சி.

மீன்பிடிக்கப் போன சூசை திரும்பவில்லை. தேடிய படகுகள் வடக்கே அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தன. நிறைமதி அவன் மனைவி பிலோமியை அழைத்து உட்காரவைத்து, அவன் கடலுக்குப் போன முந்தைய நாளின் கழிவுக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். எத்தனையோ எஞ்சின்கள் கடந்துபோயின. திடீரென்று பிலோமி அவள் கையைப் பிடித்தாள்.

"இதுதான்க்கா! இருமல் மாதிரி விட்டுவிட்டு அடிக்குது பாருங்க. எங்க எஞ்சினுதான்."

தெற்கு ஒலிவாங்கியில் மட்டும் விழுந்த சத்தம் அது. எஞ்சின் தடுமாறி நின்றது. கொஞ்ச நேரம் வெறும் நீர். பிறகு படகின் விளிம்பில் துடுப்பு உரசும் ஓசை சீராகக் கேட்டது.

"துடுப்பு போடுறாரு பிலோமி. தெம்பாத்தான் இருக்காரு. வா, சொல்லுவோம்."

கரையில் படகுகள் தெற்கே முகம் திரும்பின. முதல் படகில் பிலோமி ஏறி நின்றாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை.