ஒரு எம்பி மாப்பிள்ளை

"இத இன்னுஞ் செத்த சின்னதாக்க முடியாதா பாப்பா?"

செபாஸ்தியம்மாள் மூன்றாவது முறையாக அதையே கேட்டபோது, தமிழ்மதிக்குக் கீபோர்டைத் தூக்கித் தெருவில் எறியலாம்போல இருந்தது. ஆனால் அவள் யாரையும் எதிர்த்துப் பேசியவள் இல்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த அந்த பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாகிவிட்டது. பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

"பெரியம்மா, மெயில்ல பத்து எம்பி வரைக்கும் போகும். நீங்க கொண்டாந்த சிடியில வீடியோ நாப்பது எம்பி இருந்துச்சு. ஒம்பதாக் கொறச்சேன். அப்பவே அனுப்பியிருக்கலாம், நீங்கதான் வேணாம்னீங்க. இப்ப அஞ்சு."

"எம்பி, எம்எல்ஏ எல்லாம் எனக்கெதுக்கு? சின்னதா வேணும், அம்புட்டுதான்."

செபாஸ்தியம்மாளின் மகன் அந்தோணிராஜுக்குப் பதினோரு இடம் பார்த்து, பதினொன்றும் தட்டிப்போயிருந்தது. பன்னிரண்டாவது, பஹ்ரைனில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண். 'போட்டோ வேண்டாம், ஸ்டூடியோவில் அழகாக்கி ஏமாற்றிவிடுகிறார்கள். வீடியோ அனுப்புங்கள். பிடித்திருந்தால் நாங்களும் பெண்ணின் வீடியோவை அனுப்புகிறோம்' என்று பெண்ணின் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். சொந்தக்காரர் கல்யாணத்தில் அந்தோணிராஜ் பந்திக்கும் வாசலுக்கும் நடக்கிற நாலு நிமிஷம்தான் அந்த சிடியில் இருந்தது.

"இதுவும் தட்டிப்போனா, இனிமே கல்யாணப் பேச்சையே எடுக்காதம்மான்னுருவான் பாப்பா."

"அதுக்குத்தான் சொல்றேன், இதோட விட்ருவோம். இந்தா பாருங்க, அண்ணன் சட்டப்பையில இருக்குற பேனா மூடிகூடத் தெளிவாத் தெரியுது."

செபாஸ்தியம்மாள் பதறிப்போனாள். "பேனா மூடியே தெரியுதா? ஆத்தாடி! கொறை, கொறை!"

பேனா மூடி தெரிந்தால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது? மனசுக்குள் கேட்டுக்கொண்டே தமிழ்மதி மறுபடியும் குறைக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு தடவை குறைக்கவும் அரை மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து. போனது. மறுபடியும் முதலிலிருந்து.

"கேக்குறதச் செஞ்சு குடும்மா. காலையிலேர்ந்து ஒரு வீடியோவையே கட்டிக்கிட்டு அழுவுற" என்றார் உள்ளேயிருந்து ஓனர் நூர் அகமது.

யார் அழுகிறது?

மத்தியானம் ஒரு எம்பிக்கு வந்து சேர்ந்தது. திரையில் அந்தோணிராஜ் வெள்ளையும் கறுப்புமாகச் சில கட்டங்களாகி, பந்தியிலிருந்து வாசலுக்கு நகர்ந்துகொண்டிருந்தான்.

"பெரியம்மா, கண்ணு எது மீசை எதுன்னே தெரியல. இத அனுப்ப வேணாம்."

"கை கால் ஆடுறது தெரியுதுல்ல?"

"தெரியுது."

"நல்லா நடக்குறான்ல?"

"நடக்குறாரு."

"பெறகென்ன? வீடியோதான கேட்டாக, அனுப்பு. கூடவே ஒரு கடுதாசி அடி. மாப்பிள்ளைக்கு வயசு..." செபாஸ்தியம்மாள் மோட்டுவளையைப் பார்த்தாள். "முப்பத்திரண்டு."

தமிழ்மதியின் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அடித்தது. செபாஸ்தியம்மாள் அடுத்த வரியைச் சொன்னாள்.

"மெயிலில் போகாது என்பதால், வீடியோவைச் சின்னதாக்கி அனுப்பியிருக்கிறோம்."

"போகும்னுதான பெரியம்மா காலையிலேர்ந்து சொல்றேன்!"

"நீ அடி பாப்பா."

அடித்தாள்.

எட்டாம் நாள், செபாஸ்தியம்மாள் கையில் ஒரு பொட்டலம் காராச்சேவோடு உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தா, உனக்குத்தான். மாப்பிள்ளையப் பிடிச்சுப்போச்சாம்! பொண்ணோட அண்ணன் போன் போட்டுச் சொன்னாரு. அவுகளும் வீடியோ அனுப்பிட்டாகளாம். போடு, மருமகளப் பாப்போம்."

தமிழ்மதி மெயிலைத் திறந்து வீடியோவை ஓடவிட்டாள். பச்சைக் கட்டங்களுக்கு நடுவில் நாலைந்து ரோஸ் கட்டங்கள் இடமிருந்து வலமாக அசைந்து போயின. திரும்பி வந்தன.

"முகத்தக் காட்டு பாப்பா."

"இதுதான் முகம் பெரியம்மா."

"பெருசாக்கு."

"பெருசாக்கினா கட்டம்தான் பெருசாகும்."

செபாஸ்தியம்மாள் கண்ணாடியைச் சேலையில் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு மூக்கை ஒட்டினாள். ரோஸ் கட்டங்கள் கை வீசி நடந்தன.

"இம்புட்டுச் சின்னதா எதுக்கு அனுப்பிருக்காக? கடுதாசி இருந்தா வாசி."

தமிழ்மதி வாசித்தாள்: "பெண்ணுக்கு வயது இருபத்தெட்டு. மெயிலில் போகாது என்பதால், வீடியோவைச் சின்னதாக்கி அனுப்பியிருக்கிறோம்."

"பத்து எம்பி வரைக்கும் போகும்னு நீ சொன்னீல்ல?"

"போகும்."

"பெறகு ஏன்?"

இத்தனை நாளும் மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தது, தமிழ்மதியின் வாயில் தானாக வந்துவிட்டது.

"அவங்க வீடியோவுலயும் பேனா மூடி தெரிஞ்சிருக்கும் பெரியம்மா."

வாசல் கண்ணாடிக்கு வெளியே, அம்மாவுக்காக மொபெட்டில் காத்திருந்த அந்தோணிராஜ் வெயில் தாங்காமல் தொப்பியைக் கழற்றி, காதோரம் மட்டும் நரை மிஞ்சியிருந்த தன் நாற்பத்தாறு வயது வழுக்கையைத் துடைத்தான். செபாஸ்தியம்மாள் அவனை ஒரு முறை பார்த்தாள், திரையில் நடந்துகொண்டிருந்த கட்டங்களை ஒரு முறை பார்த்தாள், குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.