பாதி விலைப் பலகை

அறுவடைக் காலத்து மத்தியான வெயில் கல்முனைத் தெருவில் ஆளில்லாமல் காய்கிறது. ஆதம்லெவ்வை தன் புத்தகக் கடை வாசலில் கரும்பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'படக்கதைப் புத்தகம் பாதி விலை' என்று எழுதியாயிற்று. அதன் அடியில் மாதம் எழுத விட்ட இடம் மட்டும் எழுதி எழுதி அழித்ததில் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. உள்ளே, கொழும்பிலிருந்து வந்த கட்டுகள் பிரித்தபடியே இருக்கின்றன. கடற்காற்றில் அட்டைகள் சுருண்டுவிட்டன. வாள் ஓங்கிய ராஜகுமாரனின் மூக்கைப் பூச்சி அரித்திருக்கிறது. மனைவி சுல்பிகா தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறாள்.

"பெருநாளைக்குப் போடுவமா?" என்கிறார்.

"பெருநாளைக்கு உடுப்பு எடுக்கவே சனத்துக்குக் கைக்காசு காணாது."

"அப்ப மாரியில?"

"அந்த மழைக்க ஆரு வெளிய வாற?"

"இப்பயே போட்டா என்ன? வெள்ளாம வெட்டு. காசு பொழங்குற நேரம்."

"ஓம், பொழங்கும். புள்ளையளெல்லாம் உம்மா வாப்பாவோட வயல் வாடியிலதானே கிடக்கும்?"

அவர் சால்வையால் முகத்தைத் துடைக்கிறார். சுல்பிகா அவர் விரலிலிருந்து வெண்கட்டியை எடுத்து, சாம்பல் பூத்த இடத்தில் 'இன்று' என்று எழுதிவிட்டு உள்ளே போகிறாள். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது. எழுந்து பலகையை வாசல் ஆணியில் மாட்டுகிறார். பானை, பாய், பிள்ளைகளோடு ஒரு மாட்டுவண்டி சவளக்கடை வயல்களுக்குப் போகிறது. பாய்ச்சுருள் மேல் இருக்கும் பிள்ளைகள் பலகையை எழுத்துக் கூட்டி உரக்க வாசிக்கிறார்கள். வண்டி நிற்கவில்லை. வளைவில் மறைந்த பிறகுதான் கடைசிச் சொல் வந்து சேர்கிறது.

"இன்று!"