ரெண்டு பெடல் துரோகி

"கிளட்ச் இல்லாத வண்டி வாங்கினவருக்கு நம்ம சங்கத்துல என்ன வேலை?"

தலைவர் மேஜையைத் தட்டியதில் காபிக் கப்கள் குதித்தன.

மூன்று பெடல் சங்கத்தின் ஞாயிறு காலைக் கூட்டம், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கும் காபிக் கடையில். மொத்தம் பதினான்கு பேர். ஒரே ஒரு தகுதிதான்: கையால் கியர் போடுகிற கார் வைத்திருக்க வேண்டும். அந்த விதியை எழுதியவரே தலைவர்தான். அச்சகம் வைத்திருப்பவர் என்பதால் மூன்று பெடல் படம் போட்ட ஸ்டிக்கரும் அடித்து, எல்லார் காரின் பின்கண்ணாடியிலும் ஒட்ட வைத்திருந்தார்.

குற்றவாளி, பதினோரு வருட உறுப்பினரான மருந்துக் கடைக்காரர்.

புதன்கிழமை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. தலைவர் வீட்டு வாசலில் பளபளவென்று ஒரு புது ஆட்டோமேட்டிக். 'யாருதுங்க இது?' என்று கேள்வி விழுந்த அடுத்த நிமிஷமே மருந்துக் கடைக்காரர் பதில் போட்டுவிட்டார்: 'என்னுது. தலைவர்கிட்ட காட்ட வந்தேன்.'

அதிலிருந்து நாலு நாளாக அவரைத் துவைத்துக் காயப்போட்டுக் கொண்டிருந்தார்கள். பழைய கியர் வண்டியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டார் என்று அவர்களே முடிவுகட்டிக் கொண்டார்கள். புது வண்டியின் பின்கண்ணாடியில் சங்க ஸ்டிக்கர் வேறு. அந்தக் கொழுப்பைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை.

"கம்பெனிக்காரன் கியரைப் பிடுங்கிட்டு அந்த இடத்துல கப் வைக்க ஓட்டை போட்டிருக்கான்," என்றார் தலைவர். "ஏசியைக் குறைக்கணும்னா டாஷ்போர்டு டிவியில தேடணும். ஸ்டெப்னி கேட்டா பஞ்சர் ஒட்டுற பசை டப்பாவை நீட்டுறான். இன்ஜின் சத்தம் ஸ்பீக்கர்ல வருதாம். நாளைக்கு ஸ்டீயரிங்கையும் எடுத்துட்டு ஒரு தலைகாணி வைப்பான், நீங்க அதையும் வாங்குவீங்க."

கைதட்டல். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் சங்கச் செயலாளர் பல் டாக்டர். புதுக் கார்களைப் பற்றி அவருக்கென்று தனியாக ஒரு கருத்தும் கிடையாது. தலைவர் சொன்னதை ரெண்டு நாள் கழித்து நோயாளிகளிடம் தன் கருத்தாகச் சொல்வார். வாயில் மெஷினோடு படுத்திருப்பவர்கள் எதிர்த்துப் பேசவா போகிறார்கள்?

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று டாக்டர் மருந்துக் கடைக்காரரைக் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. திட்டு வாங்குறது எனக்குப் பழக்கம்தான், கடையில தினமும் வாங்குறேன்." கொஞ்சம் தயங்கினார். "ஞாயித்துக்கிழமை காபிக்கு மட்டும் வந்துட்டுப் போகலாமா?"

டாக்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், கடையும் வீடும் தவிர மனுஷனுக்கு இருந்தது இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

"விதின்னா விதி," என்றார் தலைவர், காபிக் கப்பைப் பார்த்துக்கொண்டே.

பதின்மூன்று கைகள் தூக்கப்பட்டன. தலைவர் கை கடைசியாக எழுந்தது.

அடுத்து ஸ்டிக்கர். வெளியேற்றப்பட்டவரின் ஸ்டிக்கரை எல்லார் முன்னாலும் செயலாளர் பிளேடால் சுரண்டி எடுப்பதுதான் சங்க வழக்கம். டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"இங்க வேணாம்," என்றார் தலைவர். "என் வண்டி சர்வீஸ்ல நிக்குது, பார்ட்ஸ் இன்னும் வரலை. இவர் வண்டியிலயே வீட்டுக்குப் போறேன். அங்க வெச்சு நானே சுரண்டிடுறேன்."

தலைவரின் வண்டிக்கு ரெண்டு மாதமாகப் பார்ட்ஸ் வரவில்லை. அதற்கும் கம்பெனிக்காரனுக்குத்தான் திட்டு.

மேஜையைப் பிடித்து மெல்ல எழுந்து போன தலைவர், பிளேடை மறந்துவிட்டார். டாக்டர் அதை எடுத்துக்கொண்டு தன் காரில் பின்னாலேயே விரட்டினார்.

முதல் திருப்பம் தாண்டியதும் புதுக் கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. கிளம்பியது. மறுபடி படாரென்று நின்றது.

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கியர் வண்டியில் ஊறிய இடது கால், கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை மிதிக்கிறது. இருப்பதே ரெண்டு பெடல், அதையும் சமாளிக்கத் துப்பில்லை. நாளைக்குக் குழுவில் போட நல்ல தீனி.

பின்னால் நிறுத்தி இறங்கிப் போய், ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். அது இறங்கியது.

ஸ்டீயரிங்கில் தலைவர் உட்கார்ந்திருந்தார். வேட்டியை வழித்துவிட்டிருந்த இடது முட்டியில், வலிக்குப் போடும் பட்டையான நீ கேப்.

"இடது காலை மடக்கிப் பின்னால வெச்சுக்கோங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று பக்கத்து சீட்டில் சொல்லிக்கொண்டிருந்த மருந்துக் கடைக்காரர், டாக்டரைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். "அது வந்து... தலைவர் சும்மா ஓட்டிப் பார்க்கட்டும்னு நான்தான் குடுத்தேன்."

டாக்டர் முட்டியைப் பார்த்தார். இந்தக் காலால் கிளட்சை மிதிக்க முடியாது என்பது பல் டாக்டருக்குக்கூடப் புரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சொந்தமாக ஒரு கருத்து வந்தது.

"நல்லா இருக்கு தலைவரே. இவர் காரை இரவல் வாங்கி ஓட்டிக்கிட்டு, இவரையே சங்கத்தை விட்டுத் துரத்துறீங்க."

தலைவர் இன்ஜினை அணைத்தார்.

"விடுங்க டாக்டர், முட்டி வலி யாருக்கும் தெரிய வேணாம்," என்றார் மருந்துக் கடைக்காரர். "பிளேடைக் குடுங்க, நானே சுரண்டிக்கிறேன்."

அவர் கதவைத் திறந்தார். தலைவர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இது என் காரு டாக்டர்," என்றார் தலைவர். "அவரோட கியர் வண்டி இப்பவும் அவர் கடைக்குப் பின்னாலதான் நிக்குது."