சும்மா இருந்த மாஸ்டர்

"ஒரு மாஸ்டர் போனா ஒரு பாக்கெட் மாவுகூடக் குறையாதுன்னு அடிச்சுச் சொல்றியாத்தா?"

"குறையாது சார். அடிச்சே சொல்றேன்" என்றாள் சத்யப்ரியா.

வெள்ளைத்துரை லேப்டாப் திரையை உற்றுப் பார்த்தார். பசுமலையில் இருக்கும் அவருடைய கம்பெனியிலிருந்துதான் திருநகர் வட்டாரக் கடைகளுக்கு இட்லி மாவும் அடை மாவும் போகின்றன. இருக்கிற கிரைண்டர், ஆள், கூலிங் ரூமை வைத்து எந்த மாவை எவ்வளவு அரைத்தால் லாபம் அதிகம் என்று கணக்குப் போட்டுத் தரச் சத்யப்ரியாவை அமர்த்தியிருந்தார். சின்னக் கம்பெனிகளுக்கு இந்தக் கணக்குப் போடுவதுதான் அவள் தொழில். அதோடு நிற்காமல், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கூட்டினால், கொஞ்சம் குறைத்தால் லாபம் எப்படி அசைகிறது என்றும் பார்த்துக் கொண்டுவந்திருந்தாள்.

"கூலிங் ரூம்ல ஒரு ரேக் கூட வச்சா லாபம் எம்புட்டு ஏறுது பாருங்க. உங்களைப் பிடிச்சு நிறுத்துறதே அதுதான். அரைச்சதை வைக்க இடமில்லாமத்தான் கிரைண்டரை நிறுத்துறாங்க."

"மாவுப் பக்குவம் பாக்குற மாஸ்டருக?"

"மாஸ்டர் ஒரு மணி நேரம் கூடப் பார்த்தாலும் லாபம் ஏறலை, ஒரு மணி நேரம் குறைஞ்சாலும் இறங்கலை. ரெண்டு பேரும் பாதி நாள் சும்மாதான் இருக்காங்க. ஒருத்தரே போதும்."

'சும்மா' என்ற சொல்லைக் கேட்டாலே வெள்ளைத்துரைக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

"சும்மா இருக்கவா சம்பளம்? அதுலயும் அந்த அருள்பாண்டிக்கு உக்கிரபாண்டியவிட ஒன்னரை மடங்கு! வேற கம்பெனிக்காரன் தூக்கிட்டுப் போயிருவான்னு பாண்டு வேற எழுதி வாங்கி, மூணு வருசத்துக்குக் கட்டிப் போட்டு வச்சிருக்கேன்."

சத்யப்ரியா பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"ஆனா ஒண்ணு சார். கூலிங் ரூம் இப்ப இருக்கிற அளவுல இருக்கிற வரைக்கும்தான் மாஸ்டர் சும்மா. ரூமைப் பெருசாக்கினா அவருக்கு வேலை வந்துரும். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். ரூமைப் பெருசாக்குங்க, இல்லைன்னா ஆளைக் குறைங்க. ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா கணக்கே வேற."

"படிச்ச புள்ளைகளே இப்படித்தான். எல்லாத்தையும் சொல்லிப்புட்டுக் கடைசியில ஒரு 'ஆனா' போடுவீக. ரூமும் பெருசாகட்டும், சம்பளமும் மிச்சமாகட்டும். வர்ற லாபத்துல ஒண்ணை எதுக்கு விடணும்?"

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க சார்..."

"ஏ தங்கப்பொண்ணு, அந்த அருள்பாண்டிய வரச் சொல்லு!"

கதவோரம் மாவுப் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு எழுந்து போனாள். ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி அருள்பாண்டி வந்தான். மாவு பொங்கும் பக்குவத்தை மணத்தை வைத்தே சொல்லிவிடுகிற ஆள். விஷயத்தைக் கேட்டதும் முகம் தொங்கிப்போய்விட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"அண்ணே, திடுதிப்புன்னு போன்னா நான் எங்க போவேன்? வேற கம்பெனியிலயும் சேர முடியாது. பாண்டு இருக்குல்ல?"

"அந்தக் கருமத்தை இப்பவே கிழிச்சுப் போட்டுர்றேன். எங்க வேணாலும் போ, யாருகிட்ட வேணாலும் வேலை பாரு."

"நல்லா யோசிச்சுக்கங்கண்ணே."

"யோசிச்சாச்சுப்பா. கணக்கே சொல்லுது."

சொன்னபடியே அவன் கண் முன்னால் பாண்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அருள்பாண்டி ஒருமுறை சத்யப்ரியாவைப் பார்த்தான். அவள் லேப்டாப்பை மூடுவதில் மும்முரமாக இருந்தாள்.

தங்கப்பொண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தன் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு எப்படித்தான் இத்தனை நிதானமாகப் பையை மாட்டிக்கொள்ள முடிகிறதோ!

"நல்லா இருப்ப தாயி" என்றாள் குத்தலாக.

"இருப்பேன்க்கா, வாரேன்" என்று சிரித்துவிட்டுப் போனாள் சத்யப்ரியா.

அடுத்த மாதமே கூலிங் ரூம் இரண்டு மடங்கு பெரிதானது. ஆர்டரும் வந்து குவிந்தது. உக்கிரபாண்டி ஒற்றை ஆளாக மல்லுக்கட்டினான். ஒரு நாள் மாவு புளித்துப் பொங்கி வழிந்தது; மறுநாள் பொங்கவே இல்லை. புது ரேக்குகள் காலியாகக் கிடக்க, கரண்ட் பில் மட்டும் ஏறியது. பொறுத்துப் பார்த்த வெள்ளைத்துரை ஒரு நாள் காலையில் போனை எடுத்தார்.

"என்னத்தா கணக்குப் போட்ட? மாஸ்டர் இல்லாம கம்பெனி நொண்டியடிக்குது!"

"கணக்கு சரிதான் சார். ஒரு நேரத்துல ஒண்ணுதான்னு அப்பவே சொன்னேன்."

"சொன்ன, சொன்ன. நாந்தேன் கேக்கலை. இப்ப அந்த அருள்பாண்டி ஒரு மணி நேரம் வந்து நின்னாக்கூடப் போதும். நீ நாலு கம்பெனிக்குப் போறவ, அவன் எங்கிட்டு இருக்கான்னு ஏதும் தெரியுமா?"

"தெரியும் சார். மேலூர்ல புதுசா ஒரு மாவு கம்பெனி. கிரைண்டர், கூலிங் ரூம் எல்லாம் ரெடியா இருந்துச்சு. மாஸ்டர் ஒருத்தர்தான் குறை. இப்ப அவரு ஒரு மணி நேரம் இல்லைன்னாலும் அங்க தாங்காது."

"அந்த முதலாளி நம்பரைக் குடு. நான் பேசிக்கிறேன்."

"இதே நம்பர்தான் சார்" என்ற சத்யப்ரியா, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "ஏங்க, கையைக் கழுவிட்டு வாங்க. உங்க பழைய முதலாளி லைன்ல இருக்காரு!"