செவ்வாய்க்கிழமை வந்தவள்

"செவ்வாய்க்கிழமை என் மனைவி இங்க ஊசி போட்டுக்க வந்தாளா?"

கணினி முன்னால் இருந்த பெண் நிமிர்ந்தாள். கழுத்தில் அலுவலக அட்டையோடு ஓர் இளைஞன். கைப்பேசியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். இரண்டாவது தவணை தடுப்பூசி செலுத்தப்பட்டது என்று ஒரு பெண் பெயரில் குறுஞ்செய்தி. செவ்வாய், பதினொன்று பத்து.

"ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்தான் குடுத்திருந்தோம்" என்றான்.

அவள் குறுஞ்செய்தியை இன்னொரு தடவை படித்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் ஒன்பது பேர். அவள் பதிவில் ஏற்றியது அறுபத்து மூன்று பேர். "திங்கட்கிழமை எல்லா ஆபீசும் திறக்குது. நம்ம பகுதி நூறு சதவீதம் ஆகணும்" என்று மேற்பார்வையாளர் அன்று காலையிலேயே வந்து, இரண்டாவது ஊசிக்கு வராதவர்களின் பட்டியலை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவளுடையது தற்காலிக வேலை. ஒரு புகார் போதும், சீட்டு கிழிந்துவிடும்.

"வந்தாங்க சார்" என்றாள்.

"நீங்க பாத்தீங்களா?"

"நான்தானே சார் பதிவு பண்ணேன்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சண்டைக்கு வந்தவன் உட்காருவது போல் இல்லை.

"தனியாவா வந்தா?"

"தனியாத்தான் சார்."

"அன்னைக்கு நல்ல மழை. குடை வச்சிருந்தாளா?"

"இருந்துச்சு சார். பூப்போட்ட குடை." எந்தப் பெண்ணிடமும் அப்படி ஒன்று இருக்கும் என்று ஒரு தைரியம்.

"மறந்து வச்சிட்டுப் போயிருப்பாளே?"

"ஆமா சார்! படி வரைக்கும் போயிட்டாங்க. அப்புறம் திரும்பி வந்து எடுத்துக்கிட்டாங்க."

"திரும்பி வந்தாளா?"

"வந்தாங்க சார்."

அவன் படி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். பக்கத்து மேசை நர்ஸுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமைப் பதிவில் அவள் கையெழுத்தும் இருந்தது.

"ஊசின்னதும் ஒரே கூத்து தம்பி. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க."

"அவ அப்படித்தான். போன தடவை என் கையைப் புடிச்சுக்கிட்டா. நகம் பதிஞ்சிடுச்சு. இந்தத் தடவை யார் கையைப் புடிச்சா?"

நர்ஸ் ஒரு கையை நீட்டிக் காட்டினாள். "என் கையைத்தான்."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். நர்ஸ் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"இது ரெண்டாவது மாடி. ஏறி வந்தப்போ மூச்சு வாங்குச்சா அவளுக்கு?"

"சேச்சே!" என்றாள் பதிவுப் பெண். "விடுவிடுன்னு ஏறி வந்தாங்க சார். பின்னாடி வந்தவங்கதான் மூச்சு வாங்குனாங்க."

அவன் கண்களை மூடிக்கொண்டான். முகக்கவசம் மட்டும் மெல்ல உள்ளே போய் வெளியே வந்தது.

"சார், உங்களுக்கும் ரெண்டாவது ஊசி பாக்கின்னு காட்டுதே?"

"அதுக்குத்தான் வந்தேன். சர்டிபிகேட் இல்லாம திங்கட்கிழமை உள்ள விட மாட்டாங்களாம். ஒன்றரை வருஷமா வீட்டுலயே வேலை. கிளம்பத்தான் மனசு வரல."

நர்ஸ் ஊசி போடும்போது அவன் தன் கையைப் பார்க்கவே இல்லை.

"அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போகணும் தம்பி."

"அவ எங்க உக்காந்தா?"

பதிவுப் பெண் ஜன்னல் பக்கம் கை காட்டினாள். அது பள்ளிக்கூட வகுப்பறை. மூன்றாவது பெஞ்ச். சிறு பிள்ளைகள் உட்காரும் உயரம். அவன் முழங்காலை மடக்கி ஓரமாக உட்கார்ந்தான். ஜன்னல் பக்கத்து இடத்தை விட்டுவிட்டான்.

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பா. இவன் இங்க வந்து துப்பு விசாரிக்கிறான்."

"பாவம்க்கா. எவ்வளவு ஆசையா கேக்குறார்!"

"ஆசை இருக்குறவன் போன் பண்ண வேண்டியதுதானே? வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு? அது சரி, குடையெல்லாம் எங்கேருந்துடி புடிச்ச?"

"நீங்க மட்டும் கையைப் புடிச்சாங்கன்னு விடலையா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்கள்.

அரை மணி முடிந்தது. அவன் எழவில்லை. இன்னொரு கால் மணி கழித்து வந்து, "ரொம்ப நன்றிங்க" என்றான்.

பதிவுப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க சார். அவங்களுக்கும் உங்க நினைப்பு இல்லாமலா இருக்கும்? கோபத்தை விட்டுட்டு ஒரு தடவை நேர்ல போய்க் கூப்பிடுங்க. வந்துடுவாங்க."

"கோபமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றான் அவன். "ஆறு மாசம் முன்னாடி கொரோனா வார்டுல போயிட்டா. என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்க வச்சுட்டாங்க. கடைசி நாலு நாள் மூச்சு விடத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டா."

பதிவுப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "சார்... நாங்க..."

"புகார் குடுக்க வரலைங்க" என்றான். அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். "அடுத்தது பூஸ்டர் ஊசி வருதாமே. அதுக்கும் அவளை வர வைங்க. நான் வந்து கேட்டுக்கறேன்."