வலம்புரிப் பிள்ளையார்

“கை இப்படி நடுங்கினா பிள்ளையாருக்குக் கண்ணு காது கிட்ட போயிடும், அண்ணா! டப்பாவை நல்லா குலுக்குங்க!” என்று கிசுகிசுத்தான் ஓஸ்வால்ட்.

சுந்தரமூர்த்தி ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கினார். உள்ளே இருந்த குண்டு கடகடவென்று சத்தம் போட்டதும் பதறிப்போய்த் தெருவைப் பார்த்தார். ஈ, காக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிவியில் இந்தியா–பாகிஸ்தான் மேட்ச். பெங்களூரே வீட்டுக்குள் கிடந்தது.

நாற்பத்தைந்து வயசுக்கு மேல் முதல்முறையாக ஊரான் சுவரில் கிறுக்க வந்திருக்கிறார் மனுஷன்.

ஓஸ்வால்ட் டீக்கடைப் பழக்கம். பாலத்துக்கு அடியில் கலர் கலராகக் கிராஃபிட்டி அடிக்கிறவன்.

“சர்ச்சுக்குப் போறவனைப் பிடிச்சுப் பிள்ளையார் வரையச் சொல்லித்தரச் சொல்றீங்க. நானே அடிச்சா சட்டுனு முடிஞ்சிடும்.”

“வேணாம் தம்பி. மாட்டினா நான் மட்டும் மாட்டுறேன். என் கையாலதான் போடணும்.”

சுவரில் கார்ப்பரேஷன்காரர்கள் போட்ட சிவப்புக் குறி பளிச்சென்று இருந்தது. ரோட்டை அகலமாக்க நாளைக் காலை இந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள். உள்ளே வனஜா என்கிற தையல்காரம்மாவும் பள்ளிக்கூடம் போகிற மகளும் இருக்கிறார்கள்.

“செவ்வாய்க்கிழமை கோர்ட்ல தடை கிடைச்சிடுமாம். ‘ஒரே ஒரு நாள் பொறுங்க சார்’னு ஆபீசர் கால்ல விழுந்துச்சு அந்தம்மா. பாவி மனுஷன் காதுலயே வாங்கலை. ஆனா சாமி இருக்கிற சுவர்ல கைவைக்க யாருக்கும் பயம் இருக்கும்.”

“அதெல்லாம் நீங்க எப்படிப் பார்த்தீங்க?”

“வேலையா இந்தப் பக்கம் வந்தேன்.”

தெருமுனையில் ஜீப் சத்தம். இருவரும் ஓரமாக நின்றிருந்த ஓர் ஆட்டோவுக்குப் பின்னால் குந்திக்கொண்டார்கள். போலீஸ் ஜீப் மெதுவாக ஊர்ந்து, போய்விட்டது. சுந்தரமூர்த்தியின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“என்னை மட்டும் யாராவது இங்கே பார்த்தா, என் கதை முடிஞ்சுது!”

“உங்களை இங்கே யாருக்கு அண்ணா தெரியும்?”

சுந்தரமூர்த்தி அவசர அவசரமாகத் துதிக்கையை அடித்தார். அடித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“ஐயய்யோ! வலது பக்கம் திருப்பிட்டேனே! வலம்புரி ரொம்பப் பொல்லாத சாமி தம்பி!”

“அழிக்கட்டுமா?”

அதற்குள் கேட் திறந்தது. வனஜா.

“யாருப்பா நீங்க? இடிக்கப்போற சுவருக்கு எதுக்குப் பெயிண்ட்டு?”

சுந்தரமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “உள்ளே போங்கம்மா. நாளைக்கு யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடுங்க. அது போதும்.”

மறுநாள் காலை ஓஸ்வால்ட் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்கக் கூட்டம். பிள்ளையாருக்கு யாரோ செம்பருத்தி வைத்திருந்தார்கள். வனஜா மகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். எதிரில் புல்டோசர் உறுமிக்கொண்டிருந்தது.

ஓஸ்வால்ட் கூட்டத்தில் சுந்தரமூர்த்தியைத் தேடினான். ஆளையே காணோம். ‘சரியான பயந்தாங்கொள்ளி! அந்தம்மாவை மாட்டிவிட்டுட்டு ஓடிட்டாரே’ என்று எரிச்சலாக வந்தது.

“சனிக்கிழமை வரைக்கும் இது இங்கே இல்லையே!” என்று கத்தினார் ஆபீசர். “பெயிண்டுதானே? ஏத்துய்யா வண்டியை!”

புல்டோசர் நகர்ந்தது. சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது. இன்ஜின் அணைந்தது.

“யாக்கய்யா நில்லிஸ்தே?” என்று கன்னடத்தில் பாய்ந்தார் ஆபீசர். “ஏன்யா நிறுத்தினே? டிரைவர்! கீழே இறங்கு!”

டிரைவர் இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“வலம்புரி சார், பொல்லாத சாமி. வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி, இது மேல வண்டியை ஏத்த என்னால ஆகாது” என்று நடுங்கிக்கொண்டே கும்பிட்ட சுந்தரமூர்த்தியின் நகக்கண்ணில், நேற்று அடித்த ஆரஞ்சு பெயிண்ட் இன்னும் போகவில்லை.